முதல் நாள் கைரோபிராக்டரிடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு 42 வயது. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. நான்கு மாதமாகக் கீழ்முதுகில் வலி. குனிந்து எதையாவது எடுத்தால் வலது தொடையின் பின்பக்கம் வரை இழுக்கிறது. தோழி சொன்னதால் அடுத்த வாரம் ஒரு கைரோபிராக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நேற்று இரவு ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒருவருடைய கழுத்தைப் படக்கென்று திருப்புகிறார்கள், எலும்பு முறிந்தது போல ஒரு சத்தம். எனக்குத் தூக்கமே போய்விட்டது. அங்கே போனால் என்னதான் செய்வார்கள் அக்கா? போகத்தான் வேண்டுமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: அந்த வீடியோவை ஒதுக்கி வையுங்கள். ஒரு மணி நேரம் நடந்ததில் இரண்டு நொடியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருப்பார்கள். கைரோபிராக்டர் என்றால் முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் அசைத்தும் வலிக்குச் சிகிச்சை செய்கிறவர். நான் 21 வருடமாக இந்த வேலை செய்கிறேன். புதிதாக வருகிறவருக்கு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஒதுக்குவேன். அதில் பெரும்பகுதி பேச்சு, பிறகு பரிசோதனை. கை வைத்து அழுத்தும் நேரமெல்லாம் சேர்த்தாலும் ஐந்து நிமிடத்தைத் தாண்டாது. சிலருக்கு முதல் நாள் அந்த ஐந்து நிமிடமும் இருக்காது.

உங்கள் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நான் இதைப் படிக்கப் போவதற்கு முன்னால், 24 வயதில், தோள்பட்டை வலி என்று ஒருவரிடம் போனேன். படுக்கச் சொன்னார், படுத்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் கழுத்தைப் பிடித்துத் திருப்பிவிட்டார். வலிக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். என் உடம்பில் என்ன செய்யப்போகிறார் என்பதை என்னிடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லையே என்ற அழுகை அது. அதனால் உங்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உள்ளே போனதும் ஒரு படிவம் தருவார்கள். பழைய நோய்கள், அறுவைசிகிச்சைகள், கீழே விழுந்தது, இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் அதில் வரும். அவசரமாக நிரப்பாதீர்கள். மாத்திரைப் பெயர் ஞாபகம் இல்லையென்றால் அட்டையையே கொண்டுபோங்கள். 'மாத்திரை எதுவும் இல்லை' என்று எழுதியிருந்த ஒரு பெரியவரின் முழங்கையில் அங்கங்கே ரத்தம் கட்டி நீலமாக இருந்ததைப் பார்த்தேன். விசாரித்தால், ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை எடுக்கிறார். "அது இதயத்துக்குத்தானேம்மா, முதுகுக்கு இல்லையே" என்றார். அந்த ஒரு மாத்திரை தெரிந்ததும் அவருக்கு நான் செய்யவிருந்த சிகிச்சையே மாறிவிட்டது.

அப்புறம் பேச்சு. வலி எப்போது தொடங்கியது, காலையில் அதிகமா மாலையில் அதிகமா, எப்படிப் படுத்தால் அடங்குகிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். இருமினாலோ தும்மினாலோ கால்வரை இழுக்கிறதா என்றும் கேட்பார்கள். இருமும்போது தண்டுவடத்தைச் சுற்றி அழுத்தம் ஏறும். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் ஒரு நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த நொடியில் சுரீரென்று தெரிந்துவிடும். உங்களுக்கு இழுப்பு தொடையோடு நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே சொல்லுங்கள். தொடையில் நிற்கும் வலியும் பாதம்வரை ஓடும் வலியும் ஒன்றல்ல.

சில கேள்விகள் முதுகுக்குச் சம்பந்தமே இல்லாதவை போல இருக்கும். காரணமில்லாமல் எடை குறைந்ததா? காய்ச்சல் வருகிறதா? எப்போதாவது புற்றுநோய் இருந்ததா? சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எந்த இடம் படுமோ அந்த இடம் மரத்துப்போகிறதா? இந்தக் கடைசிக் கேள்விகளுக்குப் பலர் வெட்கப்பட்டு 'இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் இடுப்பைப் பிடித்தபடி என்னிடம் வந்தார். "பழைய வலிதான், ஒரு தட்டு தட்டி விடுங்கள், போதும்" என்றார். மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான், முந்தின நாளிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். தண்டுவடம் முடியும் இடத்திலிருந்து ஒரு நரம்புக் கொத்து குதிரைவால் போலக் கீழே தொங்குகிறது. அது நசுங்கும்போது வரும் அறிகுறி இது. அதிக நேரம் போனால் கட்டுப்பாடு திரும்பி வராமலே போகலாம். நான் அவர் முதுகில் கை வைக்கவே இல்லை. மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஃபோன் செய்து உடனே அனுப்பிவைத்தேன். அன்று இரவே அறுவைசிகிச்சை நடந்தது. வெட்கத்தில் அவர் அன்றைக்கு வாயைத் திறக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். நிற்க வைத்து, குனிய, நிமிர, பக்கவாட்டில் சாய, திரும்பச் சொல்வார்கள். முன்விரல்களில் நாலடி, குதிகாலில் நாலடி நடக்கச் சொல்வார்கள். விளையாட்டு போலத் தோன்றும். முன்விரலில் எம்பி நிற்க முடியாவிட்டால் ஒரு நரம்பைச் சந்தேகிப்போம், குதிகாலில் நிற்க முடியாவிட்டால் வேறொரு நரம்பை. சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழும் கணுக்காலுக்குப் பின்னும் தட்டிப் பார்ப்பதும் அதே காரணத்துக்காகத்தான். பிறகு மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெதுவாகத் தூக்குவார்கள். 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்வது போல இழுத்தால், டிஸ்க் நரம்பை உறுத்துகிறதோ என்று பார்ப்போம். தொடையின் பின்தசை மட்டும் விறைத்தால் கதை வேறு. எங்கே, எப்படி இழுக்கிறது என்று அந்தச் சமயத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால் எனக்கு ஒன்றும் தெரியாது.

எக்ஸ்ரே எடுப்பார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலும் தேவைப்படாது. அபாய அறிகுறி எதுவும் இல்லாமல் புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்கு முதல் ஆறு வாரத்தில் படம் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க கைரோபிராக்டர் சங்கமே 2017-இல் சொல்லிவிட்டது. உங்கள் வலிக்கு நான்கு மாதம் ஆகிறது என்றாலும், எடுப்பதற்குக் காரணம் இருக்கிறதா என்பதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே எடுத்த படம் இருந்தால் கொண்டுபோங்கள். அதில் 'டிஸ்க் புடைத்திருக்கிறது' என்று எழுதியிருந்தால் கலங்க வேண்டாம். முதுகுவலியே இல்லாத 40 வயதுக்காரர்களைப் படம் எடுத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு அவர் உட்கார்ந்து, என்ன கண்டுபிடித்தார், என்ன செய்ய நினைக்கிறார், அதில் என்ன ஆபத்து, வேறு என்ன வழி இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் சம்மதித்த பிறகுதான் மேசைக்குப் போக வேண்டும். இந்த இடத்தைத் தாவிப் போகிறவரிடம் படுக்காதீர்கள்.

கீழ்முதுகுக்கு வழக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வோம். மேல்பக்கக் காலை மடக்கி, ஒரு கையால் உங்கள் தோளைப் பிடித்து, இன்னொரு கையை இடுப்பெலும்பு அருகில் வைத்து, மூட்டு இறுகும் எல்லை வரை மெதுவாகத் திருப்புவோம். அங்கிருந்து ஒரு சின்ன, வேகமான தள்ளல். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. 'இப்போது செய்யப்போகிறேன், மூச்சை விடுங்கள்' என்று அதற்கு முன் சொல்வேன். திடீர்த் தள்ளல் வேண்டாம் என்றால், இடுப்புப் பகுதி மெல்ல மேலும் கீழும் அசையும் மேசை இருக்கிறது, ஸ்பிரிங் வைத்த சின்னக் கைக்கருவி இருக்கிறது, வெறும் கையால் மெதுவாக அசைத்துக் கொடுக்கவும் முடியும்.

உடை தளர்வாக இருக்கட்டும், குனிந்து நிமிர வசதியாக. பெல்ட், கழுத்துச் சங்கிலி, பின்னந்தலையில் குத்தும் கிளிப் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். முதுகைப் பார்க்க அங்கி தந்தால், கூட ஒரு பெண் உதவியாளர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். உங்களோடு வந்தவரை உள்ளே உட்கார வைத்துக்கொள்ளவும் கேட்கலாம்.

போகத்தான் வேண்டுமா என்று கேட்டீர்கள். போய்ப் பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம். மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017-இல் கீழ்முதுகு வலிக்குச் சொன்ன வழிகளில் கையால் செய்யும் முதுகுத்தண்டு சிகிச்சையும் ஒன்று. ஒன்று மட்டும்தான். உங்களைப் போல மூன்று மாதத்தைத் தாண்டிய வலிக்கு உடற்பயிற்சியையும் அதே பட்டியலில் வைத்திருக்கிறார்கள். வீட்டில் செய்ய இரண்டு பயிற்சியாவது கற்றுத் தராமல் அனுப்பினால், நீங்களே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். கைரோபிராக்டர் அழுத்தும்போது வரும் சத்தம் எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை தம்பி. நீங்கள் விரலில் நெட்டி முறிக்கும்போது வருகிற அதே சத்தம்தான். மூட்டைச் சுற்றியுள்ள பைக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது, அதில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டின் இரண்டு பரப்புகளும் சட்டென்று பிரியும்போது உள்ளே அழுத்தம் இறங்கி ஒரு வாயுக்குழி உண்டாகிறது. குழி உண்டாவதால் சத்தமா, அது உடைவதால் சத்தமா என்று ரொம்ப நாள் விவாதம் நடந்தது. உண்டாவதால் என்று 1947-இல் ஓர் ஆய்வு சொன்னது, உடைவதால் என்று 1971-இல் இன்னோர் ஆய்வு சொன்னது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் படமெடுத்தார்கள். சத்தம் வந்த தருணத்தில் குழி உண்டாவது தெரிந்தது, சத்தத்துக்குப் பிறகும் அது உள்ளேயே இருந்தது. விவாதம் அதோடும் முடிந்துவிடவில்லை.

ஒரு மூட்டு ஒருமுறை சத்தம் போட்டால் மறுபடி போட ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது, சத்தம் வந்தால்தான் பலன் என்று நினைக்காதீர்கள். சத்தம் வரவில்லையே என்று அதே இடத்தை இரண்டு, மூன்று தடவை அழுத்தச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்ய மாட்டேன்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. எலும்புத் தேய்மானம் இருக்கிறது, எலும்பு மெலிந்திருப்பதாகவும் டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது கழுத்துவலி. கைரோபிராக்டரிடம் கூட்டிப்போகலாமா?

பதில்: தேய்மானமும் மெலிவும் வேறு வேறு. மூட்டுத் தேய்மானம் மட்டும் என்றால் நான் அவ்வளவு யோசிக்க மாட்டேன். எலும்பு மெலிந்தவருக்கு வேகமான தள்ளல் கூடாது, எலும்பு முறியும் அபாயம் இருக்கிறது. அம்மாவைப் பார்க்கும் டாக்டரிடம் முதலில் கேளுங்கள். அவர் சரி என்றால், எலும்பு அடர்த்தி அறிக்கையோடு போய், 'தள்ளல் வேண்டாம், மெதுவான முறை மட்டும்' என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்தவர்களும் முடக்குவாதம் உள்ளவர்களும் கழுத்து விஷயத்தில் இதே கவனத்தோடு இருக்க வேண்டும்.

கழுத்து என்பதால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக இரண்டு ரத்தக்குழாய்கள் மூளைக்கு ஏறுகின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். கழுத்துச் சிகிச்சைக்குப் பின் அப்படி நடந்ததாகப் பதிவுகள் உண்டு, ஆனால் அரிது. சிலருக்குக் கிழிசல் முன்பே தொடங்கியிருக்கும். அதன் முதல் அறிகுறியே கழுத்துவலியும் தலைவலியும்தான். அந்த வலியோடுதான் எங்களிடம் வருகிறார்கள். இதுவரை அனுபவித்திராத கடுமையான வலி திடீரென்று வந்தாலோ, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் மரத்தல், தடுமாறி நடத்தல் எதாவது கூட இருந்தாலோ, கைரோபிராக்டரிடம் போகவே கூடாது. நேராக மருத்துவமனைக்குத்தான்.

கேள்வி: முதல் நாளே எக்ஸ்ரே எடுத்து, 'உங்கள் முதுகெலும்பு நாலு இடத்தில் விலகியிருக்கிறது, சரிசெய்யாவிட்டால் எதிர்காலத்தில் நடக்க முடியாது' என்றார்கள். 40 தடவைக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்பதைப் படிக்கவே எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. என் தொழிலில் இது நடக்கிறது என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

கைரோபிராக்டிக் 1895-இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் என்பவரிடமிருந்து தொடங்கியது. முதுகெலும்பு இடம் விலகி நரம்பை அழுத்துவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் வந்த ஆய்வுகள் ஆதரவு தரவில்லை. நாங்கள் கை வைப்பது இறுகிப்போன மூட்டையும் அதைச் சுற்றியுள்ள தசையையும் கொஞ்சம் விடுவிக்க. அதனால் முதுகுவலி, சிலவகைக் கழுத்துவலி, கழுத்திலிருந்து வரும் தலைவலி குறையலாம். ஆஸ்துமா, காது நோய், ரத்த அழுத்தம் எல்லாம் தீரும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நியாயமான திட்டம் எப்படி இருக்கும் என்றால், இரண்டிலிருந்து நான்கு வாரம், வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை. அப்புறம் முதல் நாள் அளந்ததையே மறுபடி அளப்பது. குனிந்தால் விரல் எதுவரை போகிறது, வலிக்காமல் எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது என்று நான் முதல் நாளே எழுதி வைத்துவிடுவேன். நான்கு வாரத்தில் அது நகரவில்லை என்றால் வழியை மாற்ற வேண்டும், அல்லது வேறு ஒருவரிடம் அனுப்ப வேண்டும். 40 தடவை தேவை என்பதை முதல் நாளில் யாராலும் கணிக்க முடியாது.

அவருடைய படிப்பையும் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. உலக சுகாதார அமைப்பு 2005-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முழுப் பயிற்சிக்கு நான்கு வருட முழுநேரப் படிப்பு, குறைந்தது 4,200 மணி நேரம், அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த அனுபவம் என்று வைத்திருக்கிறார்கள். வாரக் கடைசி வகுப்பில் கற்றுக்கொள்கிற வேலை இல்லை இது.

கேள்வி: நேற்று முதல் சிகிச்சை முடிந்தது. இன்று முதுகெல்லாம் அடித்துப்போட்டது போல இருக்கிறது. ஏதாவது தவறாகிவிட்டதா?

பதில்: ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி ஏதாவது இருக்கும். தசைவலி, அசதி, லேசான தலைவலி. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் போய்விடும். படுத்தே கிடக்காமல் மெதுவாக நடங்கள். மூன்றாம் நாளும் குறையவில்லை என்றால் சிகிச்சை செய்தவருக்கு ஃபோன் செய்யுங்கள், அடுத்த தடவை அவர் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கால் பலமிழந்தாலோ, மரத்துப்போவது பரவினாலோ, நான் மேலே சொன்ன சிறுநீர் அறிகுறி வந்தாலோ அவருக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: கழுத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லலாமா? கோபித்துக்கொள்வார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: சொல்லலாம். படிவம் நிரப்பும்போது சொல்லலாம், மேசையில் படுத்த பிறகும் சொல்லலாம், அவர் கையை வைத்த பிறகும் சொல்லலாம். காரணம் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. மூன்று வருடமாக என்னிடம் வரும் ஒரு பெண்மணியின் கழுத்தை நான் இதுவரை திருப்பியதில்லை. முதல் நாள் வேண்டாம் என்றார். அவருடைய படிவத்தின் மேல் ஓரத்தில் அதைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் உள்ளே வருவதற்கு முன் அதைப் படித்துவிட்டுத்தான் கையைக் கழுவுவேன்.